கொட்டகைப் பலகையில் வாத்து செதுக்கப் போன கதை

நான் இருப்பது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் வடக்கு முனைப் பக்கம். சஸ்குவஹானா ஆறு வந்து விரிகுடாவில் கலக்கும் இடத்தில் ஹாவர் டி கிரேஸ் என்று ஒரு சின்ன ஊர், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். பெயர் பிரெஞ்சு, உச்சரிப்பு உள்ளூர். உலகத்துக்கே டெக்காய் தலைநகர் நான்தான் என்று அந்த ஊர் சொல்லிக்கொள்ளும். அதற்கென்று தனி அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். டெக்காய் என்பது வாத்து வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிடும் மர வாத்து. மேலே பறந்து போகும் கூட்டம், கீழே நம்ம ஆட்கள் நிம்மதியாக மேய்கிறார்கள் என்று நம்பி இறங்கும், புதருக்குள் துப்பாக்கி காத்திருக்கும். நம் வேடர்கள் பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைத்தார்களே, பார்வை மிருகம் என்று அதற்குத் தமிழில் பெயரே உண்டு, அதே வேலைதான். எனக்கு வேட்டையில் ஆர்வம் கிடையாது, நான் சைவம் வேறு. பகல் முழுக்க கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் கையில் ஒரு உளியும் மரமும் இருந்தால் போதும் என்பதுதான் ஆசை.

அருங்காட்சியகத்துக்கு முதல் தடவை போனபோதே ஒரு விஷயம் மண்டையில் ஏறிக்கொண்டது. இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டாடும் வாத்துகளைச் செய்தவர்கள் யாரும் கலைப்பள்ளியில் படித்தவர்கள் இல்லை. இந்த ஊர் மேடிசன் மிட்செல் இறுதிச் சடங்கு நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். விரிகுடாவின் கீழ்ப்பக்கம் கிரிஸ்ஃபீல்டில் இருந்த லெம் வார்ட், ஸ்டீவ் வார்ட் சகோதரர்கள் முடிதிருத்துபவர்கள். அந்தத் தலைமுறைக்காரர்கள் பழைய டெலிபோன் கம்பம், கப்பல் பாய்மரம், போர் முடிந்து மிஞ்சிய மிதவைகளின் பால்சா கட்டை என்று கையில் கிடைத்த எதையும் விடவில்லை. அப்படியென்றால் பழைய மரம்தான் அசல் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அவர்கள் பழைய மரத்தை எடுத்தது அழகுக்காக இல்லை, கையில் காசு இல்லாததால். இன்னொன்று, அந்தக் கம்பம் எங்கே நின்றது, அதில் என்ன பூசியிருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நான் வாங்கிய மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்டோபர் மாதம், மாநில எல்லை தாண்டி பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் கொட்டகையை இடிக்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கொட்டகை, கீழே மாடு, மேலே வைக்கோல் என்று மலைச்சரிவில் சேர்த்துக் கட்டும் வகை. நானூறு டாலர், உன்னால் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொள் என்றார் விற்றவர். வாடகை டிரக்குக்கு 95. சுவர்ப் பலகைகள் முப்பது, எட்டு அங்குலச் சதுர உத்தரங்கள் நான்கு. பலகையில் ஒரு பக்கம் மங்கிய சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. என்ன மரம் என்று கேட்டேன். "எல்லாம் சீடர்" என்றார். கத்தியால் ஒரு ஓரத்தைச் சீவி முகர்ந்து பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், ஒன்றுகூட சீடர் இல்லை என்று. உத்தரங்களில் மூன்று ஓக், ஒன்று வெள்ளை பைன். பலகைகள் பாதி பைன், பாதி ஹெம்லாக். ஹெம்லாக் சிம்பு சிம்பாகப் பெயரும், அதன் முடிச்சுகள் கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும். காய்ந்து இறுகிய ஓக்கில் உளியை வைத்தால் மணிக்கட்டு வலிக்கும், மரம் வலிக்காது. வாத்துக்கு வேண்டியது மிருதுவான, நேர் ரேகை ஓடும், எடை குறைந்த மரம். நான் தூக்கிவந்ததில் முக்கால்வாசி அதற்கு நேர் எதிர். எனவே முதல் வேலையாக, வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு துண்டையும் சீவிப் பாருங்கள். சீவ விடமாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள்.

அப்புறம் ஆணி. வெளியே தலை தெரிந்த ஆணிகளையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிடுங்கினேன். அடித்துச் செய்தது போலப் பட்டையான சதுர ஆணிகள். ஒரு காபி டப்பாவில் போட்டு வைத்தேன், அறுபத்துமூன்று இருந்தது. முடிந்தது என்று பேண்ட் சாவில், அதாவது வளையமாகச் சுற்றும் பட்டை ரம்ப இயந்திரத்தில், பைன் உத்தரத்தை ஓட்டினேன். பத்தாவது நொடியில் 'டங்' என்று ஒரு சத்தம், ரம்பம் அறுந்து காவலுறைக்குள் சுருண்டது. தலை ஒடிந்து, மரத்துக்குள்ளேயே புதைந்துபோன ஆணி. கடையில் காந்தம் வாங்கி நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தேடினேன். அதில் பாதி மாட்டியது, இரண்டாவது ரம்பமும் போனது. மூன்றாவதற்குப் பிறகுதான், சுவருக்குள் நிற்கும் மரச்சட்டத்தைத் தேடுவதற்கு விற்கிற கருவி இல்லை, தச்சர்களுக்கென்றே விற்கிற மெட்டல் டிடெக்டர் கோல் வேண்டும் என்று புரிந்தது. அது காட்டிக்கொடுத்த ஒரு இடத்தைத் தோண்டினால் உள்ளே துப்பாக்கி ரவை, ஈயம். காந்தம் அதைத் தொடவே தொடாது. நான்காவது ரம்பம் கல்லில் போனது, அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆக நான்கு ரம்பம், ஒவ்வொன்றும் 32 டாலர். ஓக்கில் ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுப்பாக இருக்கும். இரும்பும் ஓக்கில் உள்ள துவர்ப்பும் சேர்ந்து செய்கிற கறை அது. பார்த்தாலே ஒதுக்கி வைக்கலாம். பைன் அந்த உபகாரத்தைச் செய்யாது.

இப்போது சொல்லப் போவதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். பழைய பெயின்ட்டும் புழுதியும் போனால்தான் மரம் ஒட்டும், இழைப்புளிக்கும் கூர் மழுங்காது என்று, டிரில்லில் கம்பிச் சக்கரம் மாட்டி எல்லாப் பலகைகளையும் தேய்த்தேன். நவம்பர் மாதம், வெளியே குளிர், அதனால் பேஸ்மென்ட்டில். முகத்தில் சாதாரண துணி முகமூடி. அமெரிக்கக் கொட்டகைகளின் பழைய சிவப்பு, துருவை ஆளிவிதை எண்ணெயில் கலந்த பூச்சு என்று எங்கோ படித்திருந்தேன். அது உண்மைதான், பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான். வெள்ளை? மாட்டுக் கொட்டகையில் சுண்ணாம்பு அடிப்பார்கள், நம் ஊர் மாதிரி. அதுவும் உண்மை, பல கொட்டகைகளில். இரண்டு உண்மைகளை வைத்துக்கொண்டு ஒரு பொய்க்கு வந்து சேர்ந்தேன். என் பலகையில் இருந்த வெள்ளை சுண்ணாம்பு இல்லை, ஈயம் கலந்த பெயின்ட். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978ல்தான். நூறு வருஷக் கொட்டகையில் அதற்கு முன் எத்தனை தடவை பூசியிருப்பார்கள்?

மூன்று வாரம் தேய்த்தேன். எங்கள் பேஸ்மென்ட்டில்தான் வீட்டுக்கே வெப்பம் தரும் ஃபர்னஸ் இருக்கிறது. அது கீழே காற்றை இழுத்து மேலே எல்லா அறைகளுக்கும் அனுப்பும். வாஷிங் மெஷினும் அங்கேதான். வேலை முடிந்ததும் சட்டையைக் கழற்றி மகளின் துணிகளோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். அதே காலோடு மாடிப்படி ஏறியிருக்கிறேன், அவள் தவழ்ந்தும் தத்தியும் விளையாடுகிற கம்பளத்தின் மேல்.

மேரிலாந்தில் குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தத்தில் ஈயம் பார்ப்பது கட்டாயம். மார்ச்சில் அவளுக்கு இரண்டு வயது முடிந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்தார்கள், மூன்றாம் நாள் போன், மறுபடி நரம்பில் எடுக்க வேண்டும் என்று. அதிலும் 6.2 வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது 2021 முதல் இங்குள்ள தேசிய நோய்த்தடுப்பு மையத்தின் அளவுகோல். அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்றும் அர்த்தமில்லை, குழந்தைக்கு ஈயத்தில் பத்திரமான அளவு என்று ஒன்றுமே இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளை வளர்கிற வயது. எங்கள் வீடு 1994ல் கட்டியது, சுவர்ப் பெயின்ட்டாக இருக்க வழியில்லை. மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மஞ்சள்தூள், கண் மை, பித்தளைப் பாத்திரம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் யாருக்காவது கைவேலைப் பொழுதுபோக்கு உண்டா என்றார். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். "கீழே அப்படி என்னதாங்க பண்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவு தூக்கம் இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, குழந்தைக்குச் சளி என்று சொல்லிச் சமாளித்தேன். என் ரத்தத்திலும் பார்த்தார்கள், 14. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியதே தவிர, அந்த எண் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய 6.2தான் கண்ணை மூடினால் தெரிந்தது. மருந்து கொடுக்கிற அளவு இல்லை, தூசு வருகிற இடத்தை அடைப்பதுதான் வைத்தியம் என்றார்கள். அடுத்த இரண்டு வாரம் துடைப்பதே வேலை. துடைப்பத்தைத் தொடக்கூடாது, சாதாரண வாக்வம் கூடாது, அது நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே துப்பும். நுண்தூசியையும் பிடித்து நிறுத்தும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்வம் 420 டாலர், ஃபர்னஸ் குழாய்களைச் சுத்தம் செய்ய 650. ஈரத் துணியால் துடைத்து, துணியை அப்படியே பையில் கட்டி எறிந்தோம். சாப்பாட்டில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் இருந்தால் உடம்பு ஈயத்தை ஏற்பது குறையும் என்றதால் கீரை, கேழ்வரகு, தயிர் என்று மனைவி மெனுவையே மாற்றினாள். மூன்று மாதத்தில் 4.1. ஆறு மாதத்தில் 2.6. அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

எனவே பெயின்ட் ஒட்டிய எந்தப் பழைய மரமும், சோதித்துப் பார்க்கும்வரை ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற, ஈயம் பட்டால் சிவப்பாகும் சோதனைக் குச்சியைச் சிவப்புப் பெயின்ட் மேல் தேய்த்தால் எது குச்சியின் சிவப்பு, எது பெயின்ட்டின் சிவப்பு என்று உங்களுக்கே தெரியாது. பெயின்ட் சில்லு ஒன்றைப் பெயர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் நம்பகமானது, ஒரு ரம்பத்தின் விலைதான் ஆகும். ஈயம் என்று வந்தால் தேய்க்க வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம், சூட்டுக் காற்றை ஊதிப் பெயின்ட்டை இளக்கும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். குளிர்காய எரிக்கவும் கூடாது, சாம்பலிலும் ஈயம் அப்படியே இருக்கும். என் பலகைகளை மாவட்டக் குப்பைக் கிடங்கில் கேட்டுவிட்டு அங்கே கொண்டுபோய்ப் போட்டேன், அதற்கும் தனிக் கட்டணம்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஜனவரியில் ஒரு கேன்வாஸ்பேக் ஆண் வாத்து செய்து முடித்திருந்தேன். செம்பழுப்புத் தலை, வெளுத்த முதுகு. இந்த ஊர் ஆழமற்ற நீர்ப்பரப்பில் ஒரு காலத்தில் வந்து அப்பிய இனம் அது. பைன் உடம்பு, அதற்கு அழகாக ஒரு ஓக் பீடம். பொங்கலுக்கு என் நண்பன் வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மே மாதம் அவனிடமிருந்து போன்: "டேய், நீ குடுத்த வாத்து பவுடர் போடுதுடா." போய்ப் பார்த்தால் ஷோகேஸ் தட்டில் டால்கம் மாதிரி நைஸாகத் தூள், பீடத்தின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு நான்கைந்து துளைகள். உளுக்கும் வண்டு. ஓக்கின் வெளிப்பக்க வெளிர் மரத்தில் புழு உள்ளேயே ஒரு வருஷமோ அதற்கு மேலோ தின்று, வளர்ந்து, துளை போட்டு வெளியே வரும். மேலே நான் அடித்த வார்னிஷ் புது முட்டையைத் தடுக்குமே தவிர, உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. அவன் அப்போதுதான் வீடு முழுக்க ஓக் தரை போட்டிருந்தான். பூச்சிக்காரரை வரவழைத்துப் பார்க்க 250 டாலர், நான்தான் கொடுத்தேன். தரையில் பரவவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு நான் ஸ்வீட் பாக்கெட் மட்டும்தான் கொண்டுபோகிறேன்.

பழைய துளை இருக்கிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டியதில்லை, பத்து வருஷத்துக்கு முன் காலி செய்துவிட்டுப் போயிருக்கலாம். துளையின் விளிம்பு புதிதாக வெளிறியிருக்கிறதா, தட்டினால் புதுத் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் வெளிர் மரத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சூட்டறையில் வைத்து எடுப்பது நல்லது. ஏற்றுமதிக்குப் போகும் மரப்பெட்டிகளுக்கு உலகமெங்கும் ஒரு விதி உண்டு, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்று. கனமான கட்டையின் நடுவில் அந்தச் சூடு ஏறப் பல மணி நேரம் ஆகும். பக்கத்து மர அறுவை மில்லில் உலர்த்தும் அறை இருந்தால் சின்னக் கட்டணத்தில் உங்கள் கட்டையையும் உள்ளே வைப்பார்கள். சமையலறை ஓவனில் முயற்சி செய்ய நினைப்பவர்கள் முந்தைய பத்திகளை மறுபடி படிக்கவும்.

வெடிப்பைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. கொட்டகையில் நூறு வருஷம் காய்ந்த மரம்தானே என்று ஈரம் பார்க்காமல் விட்டேன், வாங்கிய பிறகு மூன்று வாரம் தார்ப்பாயின் கீழ் மழையில் கிடந்ததை மறந்துவிட்டு. ஒட்டிச் செதுக்கிய இரண்டாவது வாத்து பிப்ரவரியில், ஃபர்னஸ் சூட்டில், ஒட்டுக்கோட்டோடு வாய் பிளந்தது. ஊசி வைத்துப் பார்க்கும் ஈரமானி நாற்பது டாலர்தான். 18 சதவீதம் காட்டியது, 10க்குக் கீழே இறங்காமல் தொட்டிருக்கக் கூடாது. மரத்தின் நடு இருதயம் உள்ளே இருக்கிற உத்தரத்தை அப்படியே வாத்தாக்கினாலும் வெடிக்கும், நாலாகப் பிளந்து நடுவை ஒதுக்க வேண்டும். சாம்பல் பூத்த மேல்முகம் பசையை ஏற்காது, புது மரம் தெரியும்வரை இழைத்த பிறகே ஒட்டுங்கள்.

ஜூன் மாதம், மிச்சத்தையும் எறிந்துவிடலாமா என்று கேட்க, ஆற்றங்கரையில் பட்டறை வைத்திருக்கும் எண்பது வயதுப் பெரியவர் ஒருவரிடம் துண்டுகளை எடுத்துப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டியவன். ஓக் என்று நான் அலமாரித் தாங்கிகளாக அறுத்துத் தள்ளியிருந்த ஒரு உத்தரத் துண்டைத் திருப்பி, அறுத்த முகத்தைப் பார்த்தார். ஓக்கில் நடுவிலிருந்து ஆரம் ஆரமாகக் கோடுகள் ஓடும், இதில் இல்லை பார், இது செஸ்ட்நட் என்றார். 1904ல் நியூயார்க்கில் முதலில் கண்ட பூஞ்சை நோய் அரை நூற்றாண்டில் கோடிக்கணக்கில் கொன்று தீர்த்த அமெரிக்க செஸ்ட்நட். இன்று கொட்டகைகளில்தான் கிடைக்கிறது, மரச்சாமான் செய்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்களாம். நான் அதில் திருகு அடித்து பெயின்ட் டப்பாக்களை அடுக்கியிருந்தேன்.

பைன் உத்தரம் மட்டும் தேறும் என்றார். அதில் யாரும் பெயின்ட் பூசியதில்லை, வெளிப்பக்கத்தில் ஓர் அங்குலத்தைச் சீவி எறி, இயந்திரம் வேண்டாம், திறந்த வெளியில் உட்கார்ந்து கைக்கோடாலியாலும் இரண்டு கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தியாலும் செய் என்றார். அப்படியே செய்தேன். டிரக் நிறையக் கொண்டுவந்த மரத்தில் கடைசியில் தேறியது இரண்டு வாத்து. வாடகை, ரம்பம், வாக்வம், பூச்சிக்காரர் எல்லாம் கூட்டினால் இரண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் உலர்ந்த வெள்ளை பைன் கட்டை, ஒரு வாத்துக்கு வேண்டியது, முப்பது டாலருக்குள் கிடைக்கிறது; இப்போது அதில்தான் செதுக்குகிறேன்.

அந்த இரண்டில் ஒன்றைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வாத்து கவிழாமல் இருக்க அடியில் ஒரு எடை வைப்பார்கள், வழக்கமாக அதை ஈயத்தில்தான் வார்ப்பது. பெரியவர் தன் பட்டறையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார், நான் கையை நீட்டவில்லை. வீட்டுக்கு வந்து காபி டப்பாவைத் திறந்தேன். ஒரு செப்புக் குழாய்த் துண்டில் அந்தச் சதுர ஆணிகளைக் கொள்ளுமட்டும் அடைத்து, பசை ஊற்றி, இரு முனையையும் நசுக்கி அடியில் திருகினேன். இடப்பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்துதான் மிதக்கிறது. ஆணியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்திருக்க வேண்டும்.